த்ராட்டிலுக்கு ஒரு மூக்கணாங்கயிறு: மின்சார சைக்கிளின் இழுவையைச் சீராக்க முழுமையான வழிகாட்டி

அப்பாவின் பழைய 26 அங்குல சைக்கிளுக்கு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) கிட் ஒன்றைப் பின்சக்கரத்தில் பொருத்திக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே பால் வாங்கக் கிளம்பிவிட்டார். பூத் முன்னால் காலை ஊன்றி நின்றவர், திரும்புவதற்காகக் கைப்பிடியைத் துளி முறுக்கியிருக்கிறார். சைக்கிள் வெடுக்கென்று பாய்ந்து, முன்னால் நின்ற மொபெட்டில் முட்டியது. முழங்காலில் சிராய்ப்போடு வந்து, "ஏங்கண்ணு, இது மூக்கணாங்கயிறு போடாத காளையாட்டம் இழுக்குது" என்றார். அவருக்கு 67 வயது. அதே சைக்கிளை நான் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று கொடுத்திருந்தேன். நான் பார்த்தது திறந்த சாலையில், 20 கிலோமீட்டர் வேகத்தில். அவர் விழுந்ததோ பூஜ்யத்துக்கும் 5 கிலோமீட்டருக்கும் இடையில்.

அந்த ஐந்து கிலோமீட்டருக்குள்தான் இந்த வழிகாட்டி முழுவதும். மின்சார சைக்கிளில் மக்கள் தடுமாறுவது பெரும்பாலும் சந்தில் திரும்பும்போதும், கடை வாசலில் கிளம்பும்போதும், இறங்கித் தள்ளும்போதும்தான். த்ராட்டிலின், அதாவது மோட்டாருக்குக் கட்டளை தரும் அந்தக் கைப்பிடியின், முதல் கால்வாசி முறுக்கு நம் கைக்கு அடங்கிவிட்டால் மீதி முக்கால்வாசி தானாகச் சரியாகிவிடும்.

ஏன் இப்படி இழுக்கிறது?

கைப்பிடிக்குள் ஒரு சிறு காந்தமும், காந்தப் புலத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஹால் சென்சார் ஒன்றும் இருக்கின்றன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரிலிருந்து சென்சாருக்கு ஏறக்குறைய 5 வோல்ட் போகும். கைப்பிடியை விட்டிருக்கும்போது சிக்னல் கம்பியில் 0.8 முதல் 0.9 வோல்ட் வரை இருக்கும். முழுதாக முறுக்கினால் 3.6 வோல்ட் பக்கம் வரும், சிலவற்றில் 4.2 வரைகூடப் போகும். த்ராட்டிலுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த எண்ணை வாங்கி என்ன செய்வது என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர்.

அங்கேதான் பிரச்சினை பிறக்கிறது. விலை குறைந்த கன்ட்ரோலர்களில் பல, த்ராட்டிலை வேகத்தின் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கால்வாசி முறுக்கினால் "கால்வாசி வேகத்துக்குப் போ" என்று பொருள். மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்தத் தடை கிடையாது. ஆகவே சிறிது மின்னழுத்தம் கொடுத்தாலே மின்னோட்டம் குபீரென்று ஏறி, கன்ட்ரோலரின் உச்ச வரம்பைத் தொட்டுவிடும். கால்வாசி வேகத்தை எட்டும்வரை முழுப் பலத்தோடு இழுத்துவிட்டுப் பிறகு அடங்கும். அப்பா பூத் முன்னால் கேட்டது கொஞ்சம் வேகம். மோட்டார் அவருக்குக் கொடுத்தது முழு பலம்.

இன்னொரு முறையில் த்ராட்டில் என்பது மின்னோட்டத்தின், அதாவது முறுக்கு விசையின் கட்டளை. கால்வாசி முறுக்கினால் கால்வாசி இழுவை. கால் மிதிக்கும்போது நம் உடம்பு பழகியிருப்பது இந்தக் கணக்குக்குத்தான்: அழுத்தியதற்கு ஏற்ற இழுவை. கன்ட்ரோலர் வாங்கும்போதே "டார்க் (முறுக்கு விசை) முறை இருக்கிறதா" என்று கேட்டு வாங்குங்கள். பிறகு செய்யும் பெரும்பாலான சரிசெய்தல்கள் அதற்கு ஈடாகா.

ஒரு சின்னக் கணக்கு. 30 நியூட்டன் மீட்டர் தரும் ஹப் மோட்டார், 26 அங்குலச் சக்கரத்தின் ஓரத்தில் 90 நியூட்டன் அளவுக்குத் தள்ளும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், ஒரு நொடியில் நடை வேகத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் போயிருக்கும். கேட்க அச்சுறுத்தும் எண் இல்லை. ஆனால் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, ஒரு கால் தரையில் இருக்கும்போது, அந்த 90 நியூட்டனும் ஒரே தட்டாக வந்தால் உடம்பு தயாராக இருக்காது. ஆகவே மொத்த பலத்தைக் குறைப்பதைவிட, அது வந்து சேரும் விதத்தை மாற்றுவதுதான் நம் வேலை. மேட்டில் ஏற அந்த பலம் வேண்டும்.

கியர் ஹப் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள் இருக்கும் கியர்களில் பல நைலானால் ஆனவை. கூடவே ஒருவழி கிளட்ச் ஒன்றும் இருக்கும். கிளம்பும்போது அவற்றுக்கு இடையே இருக்கும் தொய்வு சட்டென்று இறுகி ஒரு "டக்" கேட்கும். நூறு முறை அப்படி அடிவாங்கினால் பல் தேயும். சீரான தொடக்கம் மோட்டாரின் ஆயுளையும் கூட்டுகிறது.

கோளாறா, குணமா?

செட்டிங்கில் கை வைக்கும் முன் கைப்பிடியைப் பாருங்கள். த்ராட்டில் கிரிப்புக்கும் பக்கத்து ரப்பர் கிரிப்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கியதை விட்டாலும் முழுதாகத் திரும்பாது. கையை விட்டதும் "டப்" என்று பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கம்பி எங்கும் இழுபடவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். த்ராட்டிலைப் பிடித்திருக்கும் சிறு ஆலன் திருகு தளர்ந்திருந்தால் மொத்த அமைப்பும் பாரில் சுழலும். முறுக்கு எங்கே தொடங்குகிறது என்பதே தினமும் மாறும்.

அடுத்து, இழுவை த்ராட்டிலிலிருந்துதான் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் சைக்கிளைத் தள்ளும்போது உதவும் 6 கிலோமீட்டர் நடை உதவி இருந்தால் அதை மட்டும் அழுத்துங்கள். அப்போதும் கிளம்பும்போது திக்கித் திணறி, கரகரவென்று அதிர்ந்தால் கோளாறு மோட்டாரின் ஹால் சென்சாரிலோ மூன்று தடித்த கம்பிகளின் கனெக்டரிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் த்ராட்டிலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இதேபோல, மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் மிதி உதவியை 0 நிலையில் வைத்துவிட்டுத்தான் த்ராட்டிலைச் சோதிக்க வேண்டும். மிதியை லேசாகச் சுற்றியதால் வந்த இழுவைக்கு த்ராட்டிலைக் குற்றம் சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, த்ராட்டிலைப் பாதி முறுக்கியபடி ஒவ்வொரு லீவரையும் தொட்டால்போதும், மோட்டார் அந்தக் கணமே அடங்க வேண்டும். அந்த சுவிட்ச் இல்லாத சைக்கிளில் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். முதலில் சுவிட்ச் உள்ள லீவர் ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள்.

அளவெடுப்பது

இதற்கு வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர், இரண்டு குண்டூசிகள், ஒட்டுநாடா, பேனா. சைக்கிளை இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, மோட்டார் சக்கரம் தரையைத் தொடாமல் வையுங்கள். சக்கரத்தின் நேர்ப்பக்கத்தில் குழந்தைகள் யாரும் இருக்கக் கூடாது.

த்ராட்டிலிலிருந்து வரும் மூன்று கம்பிகளின் கனெக்டரைப் பிரிக்காமல், பின்பக்கமாகக் குண்டூசியைச் செருகிக் கம்பியைத் தொடலாம். பொதுவாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட் எனும் பூஜ்ய வோல்ட் கம்பி), பச்சையோ வெள்ளையோ சிக்னல். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் கையில் எடுத்த த்ராட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததில்லை. மீட்டரை 20 வோல்ட் நேர்மின் (டிசி) அளவில் வைத்து, அதன் கறுப்பு முனையைத் தரைக் கம்பியில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாருங்கள். முறுக்க முறுக்க மாறுவது சிக்னல். இரண்டு குண்டூசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டும் தரையும் தொட்டுக்கொண்டால் கன்ட்ரோலரின் அந்தப் பகுதி போய்விடலாம்.

கிரிப்பில் ஒட்டுநாடா ஒட்டி, விட்ட நிலை, கால், அரை, முக்கால், முழு என ஐந்து கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் வோல்ட்டைக் குறியுங்கள். கூடவே சக்கரம் முதன்முதலில் அசையும் வோல்ட்டையும் குறியுங்கள். அப்பாவின் சைக்கிளில் கிடைத்தது இது:

விட்ட நிலை: 0.86
சக்கரம் அசைந்தது: 1.15
கால்: 1.42
அரை: 2.55
முக்கால்: 3.35
முழு: 3.62

இந்த எண்களைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. காலிலிருந்து அரைக்குப் போகும்போது மட்டும் 1.13 வோல்ட் ஏறுகிறது. அதாவது மொத்த ஏற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு கால்வாசிக்குள் அடங்கிவிட்டது. கடைசிக் கால்வாசியில் ஏறுவது வெறும் 0.27. காந்தம் சென்சாரைக் கடக்கும் இடத்தில் புலம் வேகமாக மாறுவதால் பல த்ராட்டில்களில் இப்படி ஒரு செங்குத்து நடுவில் இருக்கும். முதலில் வெறும் முறுக்கு, பிறகு திடீர்ப் பாய்ச்சல், கடைசியில் மீண்டும் வெறும் முறுக்கு. கை எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் இதை வெல்ல முடியாது.

உங்கள் அளவில் ஏற்றம் ஓரளவு சீராக இருந்தால் த்ராட்டிலை மாற்ற வேண்டாம். என்னுடையதைப் போல நடுவில் குத்தாக இருந்தால், வேறொரு த்ராட்டிலை வாங்கி அளந்து பாருங்கள். விலை சில நூறு ரூபாய்தான். அப்போதே கட்டைவிரலால் அழுத்தும் வகையையும் யோசியுங்கள். என் அனுபவத்தில் வயதானவர்களுக்கு அதுவே நல்லது. முழுக் கைப்பிடியும் சுழலும் வகையில், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பிடியை இறுக்கினாலே மணிக்கட்டோடு த்ராட்டிலும் திரும்பும். இறங்கித் தள்ளும்போதும் அதே ஆபத்து. கட்டைவிரல் வகையில் நான்கு விரல்களும் பாரைப் பிடித்திருக்கும்; விரலை எடுத்தால் போதும். அப்பாவுக்கு அதைத்தான் மாட்டினேன். தள்ளிக்கொண்டு போகும்போது டிஸ்ப்ளேயை அணைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். மாடிப்படி ஓரம், ரயில்வே கேட், கோவில் வாசல் எங்கும் இதைப் பழக்கமாக்கிவிட்டார்.

கன்ட்ரோலர் செட்டிங்

எதையும் மாற்றும் முன் இப்போதுள்ள எல்லா எண்களையும் போனில் படமெடுத்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

முதலில் தொடக்க வோல்ட். விட்ட நிலை அளவைவிட 0.2 முதல் 0.3 வோல்ட் வரை மேலே இருக்கட்டும். 0.86 என்றால் 1.1. இதைவிடக் கீழே வைத்தால், வெயிலில் நின்று சூடேறிய சென்சாரின் அளவு லேசாக நகர்ந்தாலே சைக்கிள் தானாக ஊரத் தொடங்கும். மேலே வைத்தால் வெறும் முறுக்கு அதிகமாகும். அடுத்து முடிவு வோல்ட். முழு முறுக்கின் அளவைவிட 0.1 குறைவாக வையுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. த்ராட்டில் 3.62 தரும்போது கன்ட்ரோலர் 2.8 வோல்ட்டிலேயே முழு பலம் கொடுத்துவிட்டால், கைப்பிடியின் பயணத்தில் கணிசமான பகுதி வீண். இருக்கும் இடத்துக்குள் எல்லாம் நெருக்கியடிக்கும். தொடக்கமும் முடிவும் பொருந்திவிட்டால் விரலுக்குக் கிடைக்கும் இடம் கூடும், நுணுக்கமும் கூடும்.

மிதி அச்சில் பொருத்தும் பாஃபாங் பிபிஎஸ்02, பிபிஎஸ்ஹெச்டி மோட்டார்களில் இவை எல்லாம் யுஎஸ்பி கேபிளும் இலவச மென்பொருளும் இருந்தால் திறந்து பார்க்கக் கிடைக்கும். த்ராட்டில் பக்கத்தில் தொடக்கம் 11, முடிவு 35 என்பதுபோல இருக்கும், 1.1 வோல்ட், 3.5 வோல்ட் என்று பொருள். அதற்குக் கீழே வேகமா மின்னோட்டமா என்ற தேர்வும், தொடக்க மின்னோட்டம் எத்தனை சதவீதம் என்பதும் வரும். வெடுக்கென்ற இழுவைக்கு முதல் மருந்து அந்தத் தொடக்க மின்னோட்டத்தைக் குறைப்பது. 10 சதவீதத்தில் தொடங்கி, வேண்டுமானால் 5 வரை இறக்கிப் பாருங்கள். வேகம், மின்னோட்டம் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் மின்னோட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹப் மோட்டார் கிட்களில் பரவலாக வரும் கேடி வகை கன்ட்ரோலருக்குக் கேபிள் வேண்டாம். டிஸ்ப்ளே பொத்தான்களிலேயே பி, சி என்ற இரு வரிசை அமைப்புகள் கிடைக்கும். நமக்கு வேண்டியவை மூன்று.

பி4: இதை 1 என வைத்தால், நின்ற இடத்திலிருந்து த்ராட்டில் வேலை செய்யாது; மிதித்துச் சக்கரம் உருளத் தொடங்கிய பிறகே மோட்டார் ஏற்கும். நின்றிருக்கும் மோட்டாரில் மின்னோட்டம் குபீரென்று ஏறும் அந்த ஒரு கணத்தை இது அடியோடு நீக்கிவிடுகிறது. மூட்டு வலி இல்லாத எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு மிதி போதும்.

சி5: கன்ட்ரோலரின் உச்ச மின்னோட்டம். 10 என்றால் முழுசு, 3 என்றால் பாதி. 0, 1, 2 என்பவை மெதுவான தொடக்கத்துக்கானவை. 0 தான் எல்லாவற்றிலும் மெது. மின்னோட்டத்தைக் குறைப்பதைவிட இந்த மெதுத் தொடக்கத்தை முதலில் முயலுங்கள். காரணம், இந்த வரம்பு பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்துக்கானது. மெதுவான வேகத்தில் மோட்டார் சுருளில் ஓடுவது அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஆகவே சி5-ஐப் பாதியாக்கினாலும் தொடக்க இழுவை பாதியாகிவிடாது. மேட்டில் மட்டும் நன்றாகவே வலு குறையும்.

சி4: த்ராட்டில் எப்படிச் செயல்பட வேண்டும் என்பது. 4 என வைத்தால் டிஸ்ப்ளேயில் நாம் தேர்ந்திருக்கும் உதவி நிலைக்கு ஏற்ப த்ராட்டிலின் பலமும் பிரியும். சந்துக்குள் 1, சாலையில் 3 என்று மாற்றிக்கொள்ளலாம்.

பி3 என்பதைப் பார்த்ததும் பலர் உடனே மாற்றுவார்கள். அது முக்கியமாக மிதி உதவிக்கானது. 1 என வைத்தால் மிதி உதவி இதமாகும், அதற்காக மாற்றலாம். த்ராட்டில் அதனால் மட்டும் அடங்கிவிடாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செட்டிங் திறந்துவிட்டால் வேக வரம்பையும் பலத்தையும் கூட்டத் தோன்றும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிட ஆற்றல் 0.25 கிலோவாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் இந்த வகை வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம். சைக்கிளின் ஃபோர்க்கும் பிரேக்கும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

செட்டிங்கே இல்லாத கன்ட்ரோலர் என்றால்

டிஸ்ப்ளே இல்லாமல், ஒரு சாவியும் மூன்று விளக்கும் மட்டும் வரும் கிட்களில் மாற்ற ஒன்றும் இருக்காது. அப்போது த்ராட்டிலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒன்றை உட்கார வைக்க வேண்டும்.

காசு செலவழிக்க முடிந்தால் கனடாவின் க்ரின் டெக்னாலஜீஸ் செய்யும் சைக்கிள் அனலிஸ்ட் மூன்றாம் பதிப்பு இதற்கு அருமையான கருவி. த்ராட்டில் அதற்குள் போய், அது கணக்கிட்ட சிக்னல் கன்ட்ரோலருக்கு வரும். உள்ளே வருவதன் குறைந்த அளவு, கூடிய அளவு, வெளியே போவதன் குறைந்த அளவு, கூடிய அளவு என நான்கையும் தனித்தனியாக வைக்கலாம். என் அளவுகளின்படி உள்ளே 1.0, 3.5, வெளியே 1.1, 3.5 என்று வைப்பேன். த்ராட்டிலை வேகம், மின்னோட்டம், வாட் எதற்கான கட்டளையாகவும் மாற்றலாம். அதாவது மலிவான கன்ட்ரோலருக்கும் டார்க் முறையின் இதம் கிடைத்துவிடும். நொடிக்கு எத்தனை வோல்ட் ஏறலாம் என்ற ஏற்ற வேகமும் உண்டு: வெளியே போகும் வீச்சு 2.4 வோல்ட் என்பதால், நொடிக்கு 2 வோல்ட் என வைத்தால் பூஜ்யத்திலிருந்து முழு பலத்துக்கு 1.2 நொடி ஆகும். அது சரியான இடம்.

இறக்க வேகத்தை மட்டும் ஒருபோதும் மெதுவாக்காதீர்கள். கையை விட்டால் அந்தக் கணமே பலம் விழ வேண்டும். ஏறுவது இதமாக, இறங்குவது உடனடியாக. இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிரல் எழுதக்கூடிய அர்டுயினோ நானோ பலகை ஒன்றும், எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் எம்சிபி4725 என்ற சிறு பலகையும் வைத்து இதையே செய்யலாம். நான் எழுதிய கணக்கு எளிது: முறுக்கின் பின்னத்தையும் அதன் வர்க்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. கால்வாசி முறுக்குக்கு 16 சதவீதம், அரைக்கு 37.5, முக்காலுக்கு 66, முழுசுக்கு 100. முதலில் அளந்த ஐந்து வோல்ட்டுகளையும் வைத்து முறுக்கின் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் மேல் இந்த வளைவைப் போட வேண்டும். அப்போதுதான் நடுவில் இருக்கும் குத்தும் மறையும். வெறும் வர்க்கத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். கிளம்பும்போது சோம்பலாகி, அப்பா முழுதாக முறுக்கத் தொடங்கிவிட்டார். அது இன்னும் ஆபத்து.

இதில் இறங்குபவர்கள் மூன்று காப்புகளை விடக்கூடாது. ஒன்று, எம்சிபி4725 மின்சாரம் வந்ததும் தன் நினைவில் உள்ள எண்ணை வெளியே அனுப்பும். புதிதாக வாங்கியதில் அது நடு அளவாக இருக்கும், அதாவது ஏறக்குறைய 2.5 வோல்ட். கன்ட்ரோலரோடு இணைக்கும் முன்பே அந்த நினைவில் பூஜ்யத்தை எழுதி வைக்க வேண்டும். இரண்டு, உள்ளே வரும் சிக்னல் 0.5 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ, கூடிய அளவைவிட அரை வோல்ட் மேலே போனாலோ வெளியே பூஜ்யம். மூன்று, வெளிச் சிக்னலுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டர். பலகையின் கம்பி கழன்றாலும் கன்ட்ரோலர் பூஜ்யத்தைப் பார்க்கும். நிரல் உறைந்துவிட்டால் தானாக மீண்டும் தொடங்க வைக்கும் காவல் டைமரையும் இயக்கி வையுங்கள்.

இரண்டாவது காப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், த்ராட்டிலின் தரைக் கம்பி அறுந்தால் சிக்னல் கீழே விழாது. 5 வோல்ட்டை நோக்கி ஏறும். அதைக் கோளாறு என்று உணராத கன்ட்ரோலருக்கு அது "முழு வேகம்" என்ற கட்டளை. உங்கள் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று சக்கரத்தைத் தூக்கி வைத்து, தரைக் கம்பியை மட்டும் கழற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மோட்டார் ஓடினால் அந்தக் கன்ட்ரோலரை மாற்றுவதே சரி.

கடைக்காரர்கள் சொல்லும் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. சிக்னல் கம்பியில் ரெசிஸ்டர் போடுவது ஒன்று. 1 கிலோஓம் தொடரிலும் 10 கிலோஓம் தரைக்கும் போட்டால் எல்லா அளவும் பதினொன்றில் பத்தாகக் குறையும்: 0.86 என்பது 0.78, 3.62 என்பது 3.29. வெறும் முறுக்கு கூடும், உச்ச வேகம் குறையும், நடுவில் உள்ள குத்து அப்படியே இருக்கும். இன்னொன்று, சிக்னலில் கெபாசிட்டர் போடுவது. ஏற்றம் உண்மையிலேயே மென்மையாகும்; ஓட்டிப் பார்ப்பவருக்குப் பிடித்தும் போகும். ஆனால் அதே கெபாசிட்டர் கையை விட்ட பிறகும் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். 10 கிலோஓமும் 100 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால், விட்டு ஒரு நொடி கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமிருக்கும். குழந்தை குறுக்கே ஓடிவரும்போது அந்த ஒரு நொடி நமக்கு வேண்டும். இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழலவிட்டு இதமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. சுமையே இல்லாத சக்கரம், டார்க் முறையில் துளி முறுக்கினாலே உச்ச வேகத்துக்குப் போகும். "இன்னும் மோசமாகிவிட்டது" என்று தோன்றும். தரையில்தான் தெரியும்.

பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். 36 வோல்ட் பேட்டரியில் பத்து செல் தொடரில் இருப்பதால் முழு நிலையில் 42 வோல்ட். வேக முறைக் கன்ட்ரோலரில் இழுவை மிகக் கூர்மையாக இருப்பது அப்போதுதான். அந்த நிலையில் அடங்கினால் எப்போதும் அடங்கும். முதலில் காலியான மைதானம், ஹெல்மெட், இரு பிரேக்கிலும் விரல்.

நான் வைத்த தேர்வுகள் நான்கு. கூட நடந்து வரும் ஒருவரோடு பேசிக்கொண்டே, பிரேக் தொடாமல், 20 மீட்டர் அதே நடை வேகத்தில் ஓட்ட வேண்டும். இதில் தேறாத செட்டிங் எதுவும் எனக்கு வேண்டாம். பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்தபடி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒரு சந்தின் அகலத்துக்குள் வளைய வேண்டும். மூன்றாவது, கரடுமுரடான பாதையில் பாதி முறுக்கில் போகும்போது குலுக்கலால் வேகம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். நான்காவது, வழக்கமாகப் போகும் மேட்டில் நின்று கிளம்ப வேண்டும். முதல் மூன்றுக்காக அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால் இதில் தெரிந்துவிடும். மேட்டில் திணறினால் ஏற்ற நேரத்தை 1.2 நொடியிலிருந்து 0.8-க்குக் கொண்டுவாருங்கள். உச்ச மின்னோட்டத்தைத் தொட வேண்டாம்.

இந்த நான்கையும் நாளைக்கு எவர் ஓட்டப் போகிறாரோ அவரே செய்ய வேண்டும். என் கைக்கு இதமாக இருந்தது அப்பாவின் கைக்கு இன்னும் கூர்மையாக இருந்தது. விரல் மூட்டு இறுகியவர்களுக்கு நுணுக்கமாக அழுத்த வராது. அவருக்காக வளைவை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, ஏற்ற நேரத்தை 1.5 நொடியாக்கினேன். அவர் போகும் பாதையில் மேடு கிடையாது.

ஓட்டி முடித்ததும் சக்கர அச்சின் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சு பின்னோக்கித் திரும்ப முயலும். வெடுக்கென்ற தொடக்கத்தோடு பல நாள் ஓடிய சைக்கிளில் நட்டு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அச்சைப் பிடித்து நிறுத்தும் டார்க் ஆர்ம் இல்லையென்றால் போட்டுவிடுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் த்ராட்டில் கனெக்டரைத் திறந்து, ஈரமோ பச்சை படிவோ இல்லையென்று பார்த்து, சிலிகோன் கிரீஸ் தடவி மூடுங்கள். 5 வோல்ட் கம்பிக்கும் சிக்னலுக்கும் இடையே ஈரம் புகுந்தால், யாரும் தொடாமலே சிக்னல் ஏறும். கனெக்டருக்கு முன்னால் கம்பியைக் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மழையில் நனைந்த பிறகு முதல் தடவை இயக்கும்போது எப்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.

விட்ட நிலை வோல்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அப்பாவின் சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அட்டையில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன: 0.84, 0.85, 0.85. புதிய கட்டைவிரல் த்ராட்டிலின் அளவுகள் அவை. 0.95-ஐத் தாண்டினால் த்ராட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும் என்று அதன் கீழே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.